கரைச்சலின் இரண்டாவது அல்பம்

– பொறு, பொறு, இப்ப தொடங்காத ரிஸ்லா. கப்பல் ஊதப் போகுது.

– ஒனக்கு எப்பிடித் தெரியும் டிலான்?

– யன்னலால தெரியுது. இழுவைப்படகு ரெண்டும் வெளிக்கிட்டுட்டுது. அதுகள் கிட்டப் போய் நிண்டா கப்பல்காரன் ஊதாம இருக்கமாட்டான். நீ எழும்பாத, அப்பிடியே படுத்துக் கிட. மைக்கை இப்பத்தான் உன்ட வாய்க்கு நேர இறக்கி வைச்சனான்.

– அப்ப ஏசியையாவது போடு. முதுகெல்லாம் வேர்த்து தரையோட ஒட்டிட்டு.

– ஏசி போட்டா அதின்ட இரைச்சல் விழும். இது போன அல்பம் இல்லயம்மா. போன முறை நீ கத்தின கத்தலுக்கு பக்கத்தில இடி விழுந்திருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நீ பாடுறதுக்கு எறும்பு நடந்தாலும் மைக்கில விழுது.

– எறும்பை விடு. ட்ரம்முக்குப் பின்னால ஒருத்தன் குறட்டை விடுறானே, அது விழல்லயா?

– துவாரகனோ? பாவம், இரவிரவா மா ஆலையில வேலை செய்திட்டு நேர இங்க வந்தவன். படுக்கட்டும். அவன்ட குறட்டையும் தாளத்திலதான் வருது.

– மெய்தான். குச்சியைப் பிடிச்சிட்டே படுத்திரிக்கான் பாரு. தலையெல்லாம் மா. ஒரு ராவுல கிழவனாகிட்டான்.

– படுக்க முந்தி என்ன சொன்னவன் தெரியுமோ? "மச்சான், முதல் அல்பத்துக்கு அடிச்சடிச்சு என்ட கை கிழிஞ்சது. இதுக்கு எனக்கு நித்திரை வருது. இது பங்க் ரொக் இல்ல மச்சான், தாலாட்டு" எண்டவன். சொல்லி வாய் மூடேல்ல, ஆள் சரி.

– அவன் சொல்றதும் ஞாயந்தான். கத்துற பேண்ட், ஊருக்குத் தொல்லை எண்டுதானே "கரைச்சல்" எண்டு பேர் வைச்சம். இப்ப கரைச்சல்காரர் மூணு பேரும் தொட்டில் ஆட்டிட்டிரிக்கம்.

– அந்தா, ஊதுறான் பார்!

– யா அல்லாஹ்... படுத்திட்டுக் கேட்டா வேற மாதிரி இரிக்கி டிலான். தரைக்குக் கீழால பெரிய மாடு ஒண்டு கத்துற மாதிரி. நீயும் படுத்துப் பாரன்.

– நானும் படுத்தா ஆர் மெசினைப் பாக்கிறது? மூண்டு பேரும் நித்திரையாகி, பின்னேரம் அப்பா வந்து கதவைத் தட்டத்தான் எழும்புவம்.

– ஒங்கட அப்பா என்ன சொல்றார், இந்தப் பாட்டுகளைக் கேட்டிட்டு?

– வின்சன்ட் ஐயாவோ? அவருக்குப் பெரிய சந்தோசம். "இவ்வளவு காலமும் என்ட ஸ்டூடியோவில கழுதை கட்டி வைச்சிருந்தியள், இப்பதான் மனிசர் வந்திருக்கினம்" எண்டார். அடுத்த கிழமை கோயில் திருநாள் பாட்டு ரெக்கோட் பண்ண அவருக்கு இந்த அறை வேணும். அதுக்குள்ள நாங்க முடிச்சாகோணும்.

– கழுதையாமா? முதல் அல்பம் இங்க பதியவும் இல்லயே.

– முதல் அல்பத்தை எங்க பதிஞ்சம் எண்டு அவருக்கு ஞாபகமில்ல. அந்தப் பாழ்பட்ட ஐஸ் அறைக்குள்ள பதிஞ்சதைச் சொன்னா, "அங்கயே மீனோட மீனாப் பூட்டிப்போட்டு வந்திருக்கலாம்" எண்டுவார்.

– அது நல்ல இடம் டிலான். என்ன கத்துக் கத்தினாலும் சுவர் திருப்பிக் கத்தும். மீன் வாடை மூக்கில ஒட்டி, ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கல்ல. ஆனா சந்தோசம்.

– போஸ்டர் ஒட்டினது ஞாபகமிருக்கோ? கோட்டைப் பக்கமிருந்து மான் வந்து, நாங்க ஒட்டி முடிக்க முந்தி ஒண்டொண்டாக் கிழிச்சுத் திண்டிச்சுது. துவாரகன் கம்போட துரத்தினவன்.

– மானுக்குத்தான் எங்கட பேண்டை முதல்ல பிடிச்சிச்சு. ஊர்ச் சனம் பிறகுதான் ஏசத் தொடங்கிச்சு.

– சரி, கப்பல் ஓய்ஞ்சிட்டுது. பாடுவமோ?

– பொறு.

– இப்ப நீ பொறு எண்டுறாய்.

– கோயில் பாட்டுக்காரி ஜெஸ்மினுக்கு என்ன சொல்லியிரிக்க?

– நாளைக்குக் காலமை பூசை முடிய வரச் சொல்லியிருக்கிறன். வாறதும் விடுறதும் உன்ட வாயிலதான் இருக்கு. "என்ட குரலே இருக்கட்டும்" எண்டு நீ சொன்னா அவவை வரவேண்டாம் எண்டிடுவன். ஏலாது எண்டா, எல்லாப் பாட்டிலையும் உன்ட குரலைத் தூக்கிப்போட்டு அவ பாடுவா. ஆனா இண்டைக்குச் சொல்லோணும் ரிஸ்லா. இனியும் இழுக்கேலாது.

– ஜெஸ்மின் நல்லாப் பாடுவா.

– பாடுவா. ஆர் இல்லையெண்டது? நீ எழுதின சொல்லெல்லாம் அவவின்ட வாய்க்குள்ள போய்க் குளிச்சு, தலை சீவி, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வெளிய வரும். உனக்கு அது சரியெண்டா எனக்கென்ன?

– கோவிக்காத.

– கோவமில்ல. விளங்கேல்ல எனக்கு. போன அல்பத்தில மாப்பிள்ளை பாக்க வந்த ஆக்களை, மூத்தவரில இருந்து சின்னவர் வரைக்கும் வரிசையா நிக்க வைச்சுக் கிழிச்சனி. அதுக்குப் பயப்பிடேல்ல. இதில ஒரு கெட்ட சொல்லும் இல்ல, கடலும் நிலாவும் கப்பலும். இதுக்குப் பயப்பிடுறாய்.

– அதுல நான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே! கத்தினா எல்லாரும் ஒண்டுதான் டிலான். ஆம்புளையா பொம்புளையா, கிண்ணியாவா மூதூரா, ஒண்டும் பிடிபடாது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால நான் நிம்மதியா நிண்டன்.

– இப்பவும் கத்தன். ஆர் வேண்டாமெண்டது?

– ஒனக்கு விசரா? நீயும்தானே கண்டிக்கு வந்த. தொண்டை டொக்டர் என்ன சொன்னார் எண்டு நீயும்தானே கேட்ட.

– கேட்டனான். சும்மா சொன்னனான். மன்னிச்சுக்கொள்.

– தொண்டைக்குள்ள நெல்லுமணி மாதிரி கட்டி இரிக்காம். இன்னொருக்கா அப்பிடிக் கத்தினா கதைக்கிறதும் இல்லாமப் போயிடுமாம். மெல்லமாப் பாடலாம், மெல்லமாக் கதைக்கலாம், அவ்வளவுதான். வயசுக்கும் இனி அவ்வளவுதான்.

– வீட்டில இன்னும் சொல்லேல்லையோ?

– எப்பிடிச் சொல்ற? "தொண்டை ஏன் மகள் இப்பிடிப் போன" எண்டு உம்மா கேட்டா, நான் என்ன சொல்ற? ஒங்கட கடை விளம்பரம் வாசிச்சு வாசிச்சுப் போயிட்டு எண்டா? ஊட்டுல எல்லாரும் நான் இங்க விளம்பரம் வாசிக்கத்தான் வாற எண்டு நினைச்சிட்டிரிக்காங்க.

– அதுவும் வாசிக்கிறாய்தானே. "மழைக்கால மலிவு விற்பனை" உன்ட குரல்தானே.

– சிரிக்காத. வாப்பா தெரிஞ்சா என்ன செய்வார் எண்டுதான் எனக்கு...

– அடிப்பாரோ?

– என்ட வாப்பாவா? ஜவாஹிர் நானா கைநீட்டுவார் எண்டு இந்த ஊருல யாராவது சொல்லுவாங்களா? ஆட்டுக்குட்டிக்கும் அடிக்காத மனிசன். அடிச்சா நல்லம். பயம் அது இல்ல. ஒனக்கு அந்த ஓட்டோக் கதை முழுசாத் தெரியாது.

– தெரியும். எங்கட பாட்டை ஓட்டோவில போடுறார் எண்டு தெரியும். நான்தானே அந்த ஓட்டோ ஸ்டாண்டில எல்லாருக்கும் பாட்டு ஏத்தின பென் ட்ரைவ் குடுத்தனான். மற்றவங்கள் எல்லாம் அண்டைக்கே அழிச்சுப்போட்டு சினிமாப் பாட்டு ஏத்திட்டாங்கள். உன்ட வாப்பா மட்டும் வைச்சிருக்கிறார்.

– வைச்சிரிக்கார் இல்ல, அதை மட்டுந்தான் வைச்சிரிக்கார். பழைய பாட்டு, கசீதா, எல்லாம் அழிச்சிட்டார். பின்னேரம் என்னைக் கூட்டிட்டுப் போக வருவாரே, முதல் நாள் நான் ஏறி இரிக்கன், ஓட்டோ முழுக்க நான் கத்துறன்! உசிரே போச்சு. பின் சீட்டுல அப்பிடியே கல்லாகிட்டன். கண்ணாடியால என்னைப் பாக்கார். பாத்திட்டுச் சொல்றார், "ஆரு பெத்த புள்ளையோ மகள், என்ன நோவோ தெரியா, இந்தக் கத்துக் கத்துது."

– கடவுளே! நீ என்ன சொன்னனி?

– "தெரியா வாப்பா" எண்டன். வேற என்னத்தைச் சொல்ற? அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் அதுதான். பஸார் வீதியால போறம், அந்த மாப்பிள்ளைப் பாட்டு ஓடுது. அந்த மாப்பிள்ளை ஊட்டாரைக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்! அவரே ஹாண்டில்ல விரலால தாளம் போடுறார். கடற்கரைப் பக்கம் திரும்பினா கச்சான் காத்து வந்து முகத்தில அடிக்கிது. வெயில் இறங்கிற நேரம், உள்துறைமுகம் எல்லாம் பித்தளைத் தட்டு மாதிரி இரிக்கி. நான் பின்னால இரிந்து எனக்குள்ள பாடிட்டுப் போறன். டிலான், ஒரு நாளைக்கு எனக்கு நல்ல நேரம் எண்டா அந்த நேரந்தான்.

– நீ எனக்கு இதைச் சொல்லேல்ல.

– ஏன் வாப்பா இதையே போடுறீங்க எண்டு ஒருக்காக் கேட்டன். "மற்றப் பாட்டெல்லாம் இப்ப உப்பில்லாத கறி மாதிரி இரிக்கி மகள்" எண்டார்.

– அப்ப நல்லதுதானே. எங்களுக்கு ஒரு ரசிகராவது இருக்கிறார்.

– எங்க நல்லம்? இந்த அல்பம் வந்தா அதையும் நீ ஸ்டாண்டில குடுப்ப. அவருக்குக் கட்டாயம் குடுப்ப. அதுல நான் மெல்லமாப் பாடுறன். அது நான் ஓதுற குரல். தம்பி றிகாஸை மடியில போட்டு உறங்க வைச்ச குரல். முதல் சொல்லுலயே தெரிஞ்சிடும் அவருக்கு. இது நான் எண்டு தெரிஞ்சா அதுவும் நான்தான் எண்டு தெரியும். பிறகு என்ன? ஏச மாட்டார். அந்தப் பென்னைக் கழட்டி சட்டைப் பையில போடுவார். ஓட்டோவில பாட்டு இரிக்காது. கண்ணாடியில என்னைப் பாக்க மாட்டார். ஊடு போய்ச் சேருற வரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடிட்டுப் போவம். அதை என்னால தாங்க ஏலா டிலான்.

– குரலை மெசினால மாத்தலாம் ரிஸ்லா. கொஞ்சம் தடிக்க வைச்சா ஒருத்தருக்கும் தெரியாது.

– மாத்திக் காட்டினியே முந்தநாள். தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்த ஐயர் மாதிரி இரிந்திச்சு.

– ஓம், கொஞ்சம் அப்பிடித்தான் இருந்தது.

– அந்தக் கடைசிப் பாட்டை ஒருக்காப் பாடிப் பாப்பம். பாடிட்டுச் சொல்றன். பாடினாத்தான் எனக்கே தெரியும்.

– இப்ப நல்ல நேரம். படகும் இல்ல, கப்பலும் இல்ல, பள்ளிப் பாங்குக்கு இன்னும் நேரமிருக்கு. ஏன்டி, இந்தப் பாட்டை எங்க இருந்து எடுத்தனி? நான் கேக்கவே இல்ல.

– கனவுல இரிந்து. வாப்பா ஓட்டோ வாங்க முந்தி கப்பல் பட்டறையில துரு தட்டினவர், தெரியும்தானே? கப்பல்ட வயித்துக்குள்ள இறங்கி, விளக்கைத் தொங்க விட்டிட்டு, சுத்தியலால நாள் முழுக்கத் தட்டுவாங்க. நான் சின்னப் புள்ளையா இரிக்கக்க உம்மாவோட சாப்பாடு கொண்டு போவன். வெளியில நிண்டு கேட்டா டங் டங் எண்டு கேக்கும், ஆளைத் தெரியாது. கண்டியில இரிந்து வந்த அண்டு ராவு கனவு கண்டன். கடல் மேல நான் நடந்து போறன். தண்ணி கால்ல படுது, ஆனா நனையல்ல. பெரிய கப்பல், பக்கமெல்லாம் துரு. உள்ளுக்கு வாப்பா தட்டுறார். நான் வெளியில நிண்டு கூப்பிடுறன். வாய் திறக்குது, சத்தம் வருதில்ல. நானும் கையால தட்டுறன். அவர் எனக்குத்தான் பதில் தட்டுறாரா, வேலைக்குத் தட்டுறாரா எண்டு தெரியா. முழிச்சிப் பாத்தா அழுதிட்டிரிக்கன்.

– ...சரி. கண்ணை மூடு. வயித்தில கையை வை. துவாரகன் குறட்டை விட்டாலும் நிப்பாட்டாத. சிவப்பு பல்ப்பைப் போடுறன்.

– வெளிய போட்டிரிக்கிற பல்ப்பை ஒருத்தரும் பாக்கிறதில்ல.

– நாங்க போடுவம். கடமை. மூச்சை விட்டிட்டுத் தொடங்கு. ஓம்... பாடு.

– கப்பல் வயித்துக்குள்ள
விளக்கோட போன வாப்பா
தட்டுற சத்தத்துலயே
பகலெல்லாம் போச்சுதே
வெளிய வந்து பாருங்க
கடலுக்கும் உறக்கம்
கையைக் கழுவிட்டு வாங்க
சோறு ஆறிப் போகுது...

– மெசினை நிப்பாட்டிட்டன்.

– டிலான்?

– ம்.

– விழுந்திச்சா?

– விழுந்திச்சு.

– பிறகேன் அந்தப் பக்கம் திரும்பியிரிக்க?

– வேர்வை. கண்ணுக்குள்ள போட்டுது. ஏசி இல்லத்தானே.

– பொய்க்காரன். அழுற.

– உன்ட வாப்பாவுக்கு நீ பாடுறாய், என்ட அப்பா நெஞ்சுக்குள்ள வாறார், அதுக்கு நான் என்ன செய்ய? காலமை அந்த மனிசனோட சண்டை பிடிச்சிட்டு வந்தனான்.

– மச்சான்...

– இந்தா, துவாரகன் எழும்பிட்டான்.

– மச்சான், ஆர் இப்ப பாடினது?

– ரிஸ்லா.

– நான் கனவில கடலுக்குள்ள நிண்டனான் மச்சான். மீனெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டுதுகள். இதுக்கு ட்ரம் வேண்டாம். நான் அடிச்சா அதுகள் ஓடிப்போயிடும்.

– நீ அடிக்காட்டி நாங்க பங்க் பேண்ட் இல்லயடா.

– நாளைக்குப் பாப்பம். ஐயோ, கால் விறைச்சுப்போச்சு. என்னைக் கூப்பிடாதேங்கோ...

– திரும்பப் படுத்திட்டான்! இவனை என்ன செய்ற டிலான்?

– விடு. ரிஸ்லா, இப்ப சொல்லு. ஜெஸ்மின் வாறாவோ, இல்லையோ?

– வேணாம்.

– வடிவா யோசிச்சியோ?

– யோசிச்சன். இதை வேற ஒருத்தி பாடி, அதை நான் வாப்பாட ஓட்டோவில இரிந்து கேக்க ஏலா. அதுக்குப் பதிலா அவர் அந்தப் பென்னைக் கழட்டிப் பையில போடட்டும். என்ட குரலே இரிக்கட்டும். பொறு, இன்னும் முடிக்கல்ல. அல்பம் வந்து ஸ்டாண்டில ஆரும் சொல்லித் தெரிய விடமாட்டன். நானே சொல்லுவன். இண்டைக்கே சொல்லுவன், ஓட்டோவில ஏறினோடனே. ரெண்டும் நான்தான் வாப்பா எண்டு.

– சத்தியமா?

– வல்லாஹி. எழும்ப ஒரு கை தா. ஆண்டவனே, தலை சுத்துது. ஒருக்காப் போட்டுக் காட்டன், கேட்டிட்டுப் போறன். தைரியம் வரும்.

– பெரிய ஸ்பீக்கர்ல போடுறன். கதவைச் சாத்திக்கொள், வெளியில... ரிஸ்லா! ஆரோ படியில வாறாங்கள்.

– ஒங்கட அப்பாவா?

– இல்ல. அவர் செருப்பை இழுத்து நடப்பார். இது...

– மகள்! எங்க இரிக்கீங்க? கீழ நிண்டு ஹோர்ன் அடிச்சு அடிச்சுக் கை நொந்து போச்சு!

– அல்லாஹ்வே, வாப்பா! டிலான், பாட்டு ஓடுது!

– நிப்பாட்டட்டோ? சொல்லு, நிப்பாட்டுறன்!

– ...வேணாம். தொடாத. ஓடட்டும்.

– வாங்கோ ஜவாஹிர் நானா. இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ.

– இரிக்க நேரமில்ல தம்பி. கீழ மான் ஒண்டு ஓட்டோவுக்குள்ள தலையை விட்டு, வாங்கி வைச்ச வாழைப்பழத்தை முழுக்கத் திண்டிட்டு! துரத்தினா என்னையே முறைச்சுப் பாக்குது. அதுதான் நானும் மேல வந்திட்டன். என்ன இது, அடுப்பு மாதிரி வெக்கை? ஏசி பழுதா?

– பழுதில்ல நானா. சும்மா நிப்பாட்டி வைச்சனான்.

– ஆ? ஓம், ஓம். பழுதெண்டா என்ட மருமகன் அஸ்ஹானுக்குச் சொல்லட்டா? அவன் வந்து பாப்பான்.

– வாப்பா... இங்க பாருங்க. நான் ஒண்டு சொல்லணும்.

– சொல்லுங்க மகள்.

– இப்ப ஓடுறது... இந்தப் பாட்டு... இது நான்தான் வாப்பா.

– ஓம் ஓம். வெளிக்கிடுவமா? உம்மா பொரிச்ச மீன் வைச்சிரிக்கா.

– வாப்பா, நான் சொன்னது கேட்டீங்களா? பாடுறது நான்தான். ஒங்கட ஓட்டோவில கத்துறதும் நான்தான். நீங்க என்னோட கோவிச்சாலும் பரவாயில்ல. கதைக்காம மட்டும் இரிக்காதீங்க.

– ஏன் மகள் அழுறீங்க? முகத்தை மூடாதீங்க. கையை எடுத்திட்டுச் சொல்லுங்க, வாயைக் கண்டாத்தானே எனக்கு... தம்பி, என்ன நடந்த? ஏதும் சண்டையா?

– நானா, ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது. உங்களுக்கு...

– எந்தப் பாட்டு தம்பி? அந்தா, பச்சை விளக்கெல்லாம் ஏறி இறங்குது. நானும் வந்ததில இரிந்து பாத்திட்டுத்தான் நிக்கன். வடிவா இரிக்கி. ஆனா சத்தத்தைப் போடல்லயே நீங்க?

– ...சத்தம் போட்டிருக்கு நானா. முழுசாப் போட்டிருக்கு.

– முழுசாவா?

– வாப்பா! எத்தனை நாளா இப்பிடி?

– மெல்ல மகள், மெல்ல. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

– காது... கேக்கல்லயா ஒங்களுக்கு? எத்தனை நாளா?

– நாள் எங்க, வருசம். கப்பலுக்குள்ள கிடந்து தட்டினதுல கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டு. உம்மாக்குச் சொல்லிப் போடாதீங்க. ஸ்டாண்டிலயும் தெரியக் கூடா, பிறகு ஆரும் ஏற மாட்டாங்க. நான் சமாளிக்கன். நீங்க கதைக்கிறதைக் கண்ணாடியால வாயைப் பாத்துத்தான் விளங்கிற. ரெண்டு மூணு சொல்லுப் பிடிச்சாக் காணும், மிச்சம் ஊகந்தான்.

– பாங்கு?

– பாங்கும் இல்ல மகள். சனம் தொப்பியைப் போட்டிட்டு நடக்கிறதைப் பாத்துத்தான் நானும் போற.

– அப்ப அந்தப் பாட்டு... ஓட்டோவில நீங்க தாளம் போட்டுக் கேக்கிற பாட்டு... "ஆரு பெத்த புள்ளையோ" எண்டு...

– பகிடிக்குச் சொன்ன மகள், நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்திட்டிரிந்தன். நான் பெத்த புள்ளைட சத்தத்தை நான் அறிய மாட்டனா? இந்த உலகத்துல இப்ப என்ட காதுக்குள்ள வாற குரல் அந்தக் கத்தல் ஒண்டுதான். இந்தப் பாட்டையும் அப்பிடியே நல்லாக் கத்திப் பாடுங்க மகள், வாப்பா கேக்கிறன்.